பூட்டின முட்டி

சாப்பாட்டுக்கு அப்புறம் கூப்புடுவாகளாம். அந்த நீலக் கதவு திறக்கும், யாராவது தலைய நீட்டி சண்முகக்கனின்னு கத்துவாக, நான் எந்திரிச்சு உள்ள போகணும், கட்டில்ல உக்காரணும், ரெண்டு பேரு என் இடது காலப் பிடிச்சு அழுத்திப் பாத்துட்டு இவளுக்கு ஊனம் இருக்கா இல்லயான்னு சொல்லுவாக. சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல. பள்ளிக்கூடத்துல இருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் என்னைய நொண்டின்னு கூப்பிட்டவன் ஒருத்தனாவது காலப் பிடிச்சுப் பாத்துட்டா கூப்பிட்டான்? இன்னைக்குக் காலைல ஒரு மேடம் பிடிச்சுப் பாத்தாக. சின்ன வயசு, படிச்ச பிள்ளை, பாத்துட்டு ஊனம் பத்தாதுன்னுட்டாக. பத்தாதாம். நான் கோயில்பட்டிப் பக்கம் ரேஷன் கடையில பில் போடுறவ. சீனி பத்தாதும்பேன், பாமாயில் பத்தாதும்பேன், வரிசையில நிக்கிறவுக என்னைய வாய்க்கு வந்தபடி ஏசுவாக. ஊனம் பத்தாதுன்னு இன்னைக்குத்தான் காதுல விழுது. யாரப் போய் நான் ஏச? நாளைக்கு இங்க போட்டி, நான் இரும்புக் குண்டு எறியிறவ. எங்க விளையாட்டுல ஊனத்துக்குத் தக்கன வகுப்பு வகுப்பாப் பிரிச்சுத்தான் விடுவாக, கை இல்லாதவ கை இல்லாதவளோட, கால் வராதவ கால் வராதவளோட, அதுதான் நியாயம். எந்த வகுப்புல சேரவும் இவ்வளவாவது பலம் குறைஞ்சிருக்கணும்னு ஒரு அளவு உண்டு. அந்த அளவுக்கு நான் இல்லயாம். இன்னொரு குழு ஒரு தடவ பாக்கும், அதுதான் சட்டம், அவுகளும் பத்தாதுன்னு சொல்லிட்டா அதோட சரி. இந்த வருசம் மட்டுமில்ல, என்னைக்குமே குண்டத் தொட முடியாது. மைதானத்து கேட்டுக்கு வெளிய நின்னு கம்பியப் பிடிச்சுக்கிட்டு வேடிக்க பாக்கலாம். காலைல தின்ன இட்லி அப்படியே நிக்குது.

எட்வின் சார் வந்து காதுக்குள்ள சொல்லிட்டுப் போனாரு. என்னைய குண்டு எறிய வச்சவரே அவருதான், கடைக்கு அரிசி வாங்க வந்தவரு நான் சீனி மூட்டைய இடுப்புல வச்சுத் தள்ளுறதப் பாத்துட்டு, ஏம்மா உன் கைக்கு என்ன வேலை இங்கன்னு கேட்ட மனுசன். அவரு சொல்றாரு, கனி, ரெண்டாவது தடவ போறப்போ முழுசா முக்காத, கொஞ்சம் கம்மியா தூக்கு, பாதியில விட்டுரு, எல்லாரும் பண்றதுதான். எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. அப்போ இல்லாதத இருக்குன்னு காட்டணுமா சார்னு கேட்டேன். அய்யய்யோ சத்தம் போடாதன்னு அங்கிட்டும் இங்கிட்டும் பாக்காரு. பொய்யா தளர்த்திக் காட்டுனது தெரிஞ்சா தடை போட்டுருவாக, அது அவருக்கும் தெரியும், இருந்தும் சொல்றாரு, என் மேல உள்ள பிரியத்துல சொல்றாரு. அவர ஏசவும் முடியல. நான் நடிக்க மாட்டேன் சார்னு சொல்லிட்டேன். பெரிய இவ மாதிரி சொல்லிட்டேன். சொன்ன வாய் மூடல, உள்ளுக்குள்ள ஒண்ணு இடறுச்சு. நடிக்க மாட்டேன்னா, காலைல அந்தக் கட்டில்ல உக்காந்து என்னட்டி பண்ணுன? காலைல பண்ணுனதுக்குப் பேரு என்ன?

அத ஒரு தடவ நிதானமா நினைச்சுப் பாக்கணும். மேடம் காலத் தொங்கப் போட்டு உக்காரச் சொன்னாக, உக்காந்தேன். முட்டிய நீட்டுங்கன்னாக. நீட்டுனேன். எப்படி நீட்டுனேன்? அங்கதான் இருக்கு. உடம்பப் பின்னால சாச்சு, இடுப்ப ஒரு வெட்டு வெட்டி, கால வெளிப்பக்கமாத் திருப்பி வீசுனேன், அது போய் நேரா நின்னுச்சு, நின்ன உடனே முட்டியப் பூட்டிட்டேன். என் முட்டி பூட்டும். ஒரு இடத்துக்குப் போனா டக்குன்னு மாட்டிக்கிடும், அதுக்கப்புறம் சதை இருந்தா என்ன இல்லாட்டி என்ன. அது போதாதுன்னு டிரவுசர் மடிப்புக்குள்ள தொடைக்கு அடியில கையும் குடுத்திருந்தேன். மேடம் மேல இருந்து லேசா அழுத்திட்டு நல்லா இருக்கேன்னாக. வெளிய இன்னும் ஏகப்பட்ட பேரு உக்காந்திருந்தாக, அவுகளுக்கும் அவசரம். நடந்து காட்டுங்கன்னாக, நடந்தேன், இடது கை டிரவுசர் பைக்குள்ள. என் பை எல்லாமே அடியில கிழிச்சு விட்டதுதான், தைக்கும்போதே அப்படித்தான் தைக்கச் சொல்லுவேன், கை உள்ள போய் தொடையப் பிடிச்சு அமுக்கிக்கிடும், ஒவ்வொரு எட்டுக்கும் அமுக்குனாத்தான் முட்டி மடங்காது. பாக்கிறவுகளுக்கு, இவ என்ன பைக்குள்ள கைய விட்டுக்கிட்டு ஒய்யாரமா நடக்கான்னு இருக்கும். படி ஏற கஷ்டம் உண்டான்னு கேட்டாக. அதெல்லாம் ஒண்ணும் கிடையாது மேடம், நல்லா ஏறுவேன். கீழ விழுந்திருக்கீங்களா? சேச்சே. சேச்சேன்னு சொல்லிருக்கேன்! என்னையப் பொண்ணு பாக்க வந்த நாலு கூட்டத்துக்கும் சொன்ன பதில அப்படியே ஒரு எழுத்து மாறாம அந்த மேடத்துக்கிட்டயும் சொல்லிருக்கேன். காப்பித் தட்டு ஒண்ணுதான் கையில இல்ல. ஊனம் இருக்கான்னு பாக்க வந்தவுகளுக்கு முன்னால ஊனமே இல்லன்னு நடிச்சுக் காட்டிட்டு வந்து, பத்தாதுன்னு சொல்லிட்டாகளேன்னு வெளிய உக்காந்து மூக்கச் சிந்துனா, என்னைய எதக் கொண்டு அடிக்க? இவ்வளவு மட்டியாவா இருப்பா ஒருத்தி.

ஆனா வேணும்னு பண்ணல. சத்தியமா வேணும்னு பண்ணல. கால் தூக்குன்னு சொன்னா என் உடம்புக்கு அப்படித்தான் தூக்கத் தெரியும். அதுமட்டும் இல்ல, அங்க ஓரத்துல நாற்காலியில அம்மா உக்காந்திருந்தா. துணைக்கு ஒரு ஆள் உள்ள வரலாம்னாக, அம்மா முந்தானையால முகத்தத் துடைச்சுக்கிட்டு உள்ள வந்துட்டா. அம்மா இருக்கிற இடத்துல என் கால் எப்பவுமே நல்லாத்தான் இருக்கும். அது இன்னைக்கு நேத்துப் பழக்கமா? எனக்கு விவரம் தெரியிறதுக்கு முன்னாலயே காய்ச்சல் வந்து, அம்மா என்னையத் தூக்கிட்டுப் போய் கம்பவுண்டர்ட்ட இடுப்புல ஊசி போட்டிருக்கா. மறுநாள் கால் விழுந்துருச்சு. ஆஸ்பத்திரிக்குத்தானே போகணும், எவன்ட்டயோ போய் ஊசி போட்டுப் பிள்ளையக் கெடுத்துட்டாளேன்னு அத்தை சொன்னா, அப்பா சொன்னாரு, ஊரே சொல்லுச்சு. அம்மாவும் அதத்தான் நம்புறா. ஊனச் சான்றிதழ்ல போலியோன்னு போட்டிருக்கு, ஆனா முகாம்ல வரிசையா நிக்கிற எல்லாருக்கும் அதத்தானே போட்டுக் குடுத்தாக, அவ அத மதிக்கவே இல்ல. நான் வாசல்ல தடுக்கி விழுந்த அன்னைக்கெல்லாம் அம்மா சோறு திங்க மாட்டா. தட்டுல போட்டு வச்சுட்டு அப்படியே உக்காந்திருப்பா, நான் போய் எம்மா தின்னும்மான்னா, தின்னுட்டேன் தாயின்னுவா. அவ சாப்பிடணுமேன்னுதான் முதல்ல நான் விழாம நடக்கப் படிச்சேன். இடுப்ப வெட்டி வீசப் படிச்சேன். முட்டியப் பூட்டப் படிச்சேன். அப்புறம் அவ முன்னால காலையே நீட்டி உக்காரதில்ல, எண்ணெய் தேச்சு விடவான்னு கேட்டா வெடுக்குன்னு விழுவேன், சும்மா நொய்யி நொய்யின்னு அதே பேச்சு பேசாத, கால் இப்ப நல்லாருக்கும்மான்னு. நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லிச் சொல்லி அவளும் நம்பிட்டா. ரேஷன் கடை வேலை கிடைச்ச அன்னைக்கு, பாத்தியா, இப்போ அவ்வளவா தெரியலன்னு பக்கத்து வீட்டுல சொல்லிக்கிட்டு இருந்தா, சந்தோசத்துல குரலே மாறி இருந்துச்சு. அந்தக் குரலக் கேட்டுட்டு நான் எப்படி அவ முன்னால கால் வரலன்னு காட்டுவேன். காட்ட முடியாதே.

சரி, உண்மையில எவ்வளவுதான் வரும்? வித்தை எதுவும் பண்ணாம, கை குடுக்காம, சாயாம, வீசாம, கால் தானா எவ்வளவு வரும்? யோசிச்சா எனக்கே தெரியல. என் கால் எனக்கே தெரியாது. அம்மா டீ வாங்கப் போயிருக்கா, வராண்டாவுல அந்தப் பக்கம் ஒரு பையன் கண்ண மூடிப் பாட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கான், யாரும் பாக்கல. முதுக நாற்காலியோட ஒட்ட வச்சேன். ரெண்டு கையையும் மடியில கோத்துக்கிட்டேன். இடுப்பே, நீ பேசாம இரு. இப்ப தூக்கு. தூக்குட்டி. ஒண்ணும் நடக்கல. மறுபடியும் தூக்குறேன், இடுப்பு தானா வெட்டப் பாக்குது, விடல, பல்லக் கடிச்சுக்கிட்டு தூக்குறேன், செருப்பு தரையில இருந்து கொஞ்சூண்டு கிளம்புன மாதிரி இருந்துச்சு, பொத்துன்னு விழுந்துருச்சு. குப்புன்னு வேர்த்துருச்சு எனக்கு. இவ்வளவுதானா? இத வச்சுக்கிட்டா இத்தனை வருசம் பஸ் ஏறி இறங்குனேன், மூட்டை தள்ளுனேன், வட்டத்துக்குள்ள நின்னு குண்டு எறிஞ்சேன்? ஒரு பக்கம் பயமா இருக்கு, ஒரு பக்கம், சிரிக்காதீக, சந்தோசமா இருக்கு. பத்தும். நல்லாவே பத்தும். என் ஊனம் தாராளமாப் பத்தும்யா. வட்டத்துல நின்னா ஊரே என் காலப் பாக்கும், ஆனா எவனும் அய்யோ பாவம்னு பாக்க மாட்டான், குண்டு எங்க விழுதுன்னுதான் பாப்பான், அந்த ஒரு இடம் எனக்கு வேணும். அத விட மாட்டேன். அதுக்கு உள்ள போய் இந்தக் கால உள்ளபடி காட்டணும். காட்டுனா அம்மா பாப்பா. அதுக்கு ஒரு வழி இருக்கு, அம்மாவ வெளிய நிறுத்திட்டாப் போச்சு. அதுல என்ன இருக்கு. வெளிய இருன்னு சொன்னா இருக்கப் போறா.

அம்மா பேப்பர் கப்ப முந்தானையில பிடிச்சுக்கிட்டு வந்தா. சூடா குடிட்டி, ஆறிரும்னா. எம்மா, இந்தத் தடவ நீ உள்ள வராத, இங்கயே இரு. ஏன் தாயி? சும்மாதான், அவுக ஒரு ஆள்தான் வரணும்னு சொல்றாக. நீதானே ஒரு ஆள், கூட நான் ஒரு ஆள், காலைல விட்டாகளேன்னா. அம்மா என்னையவே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் மெதுவா கேட்டா, நான் ஏதும் தப்பா உக்காந்திருந்தேனா? என்னால உனக்கு வராமப் போச்சா? பாருங்க, இதுதான் அம்மா. எது எங்க கெட்டாலும் தன் கையத்தான் மொதல்ல பாப்பா. எனக்கு ஆத்திரமா வந்துச்சு, ஆமா இப்ப அதையும் எடுத்துத் தலையில போட்டுக்கோன்னு வள்ளுன்னு விழுந்தேன். அவ டீ மேல ஆடை படியுதுன்னு ஊதிக் குடுத்தா. வெளிய விட்டுட்டுப் போனா, கதவுக்கு இந்தப் பக்கம் உக்காந்து தன்னையத்தான் தின்னுக்கிட்டு இருப்பா. உள்ள கூட்டிட்டுப் போனா என் காலப் பாத்துட்டு ராத்திரி சோறு திங்க மாட்டா. ரெண்டுல எது? திரும்பத் திரும்ப இதே இடத்துல வந்து நிக்கேன், நகர மாட்டேங்குது. நீலக் கதவு திறந்துச்சு. சண்முகக்கனின்னாக. எந்திரிச்சேன். கதவுகிட்டப் போய்த் திரும்பிப் பாத்தா, அம்மா காலிக் கப்ப ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு நிக்கா. நான் அத யோசிச்சுச் சொல்லல, வாய் தானா சொல்லிருச்சு. வா, வந்து உக்காருன்னேன்.

இந்தத் தடவ பாக்கிறவரு வயசான டாக்டர், தலை முழுக்க நரை, பக்கத்துல கோச் மாதிரி ஒரு அம்மா. டாக்டர் ரெண்டு கையையும் தேய்ச்சுச் சூடு பண்ணிக்கிட்டுத்தான் என் காலத் தொட்டாரு. பாதத்த மேல தூக்குங்கன்னாரு, தூக்குனேன், அது நல்லா வரும். கீழ அழுத்துங்க, அழுத்துனேன். தொட்டா தெரியுதா, தெரியுது சார். முட்டிய மடக்கி இழுங்க. இழுத்தேன். அப்புறம் முட்டிக்கு வந்தாரு. நீட்டுங்கன்னாரு. இடுப்பு வெட்ட ஆரம்பிச்சிருச்சு, பாதி வீசிட்டேன், அப்படியே விட்டுட்டேன். காலைல வித்தை காட்டுனேன்னு சொன்னா, பொய் காட்டுனவன்னு தடை போட்டா? போடட்டும். சார், ஒரு விசயம்னேன். காலைல நான் கால வீசி முட்டியப் பூட்டிக் காட்டிட்டேன் சார், அடியில கையும் குடுத்திருந்தேன், படி ஏறுவேன்னு சொன்னது பொய்யி, கம்பியப் பிடிக்காம ஏற மாட்டேன், நடக்கையில பைக்குள்ள கைய விட்டு அமுக்குறேன், பை கிழிச்சதுதான், வாரத்துக்கு ஒருக்கா எங்கயாவது விழுறேன் சார். மூச்சு விடாம சொல்லிட்டேன். சொன்னது எல்லாம் டாக்டரப் பாத்துத்தான், நாற்காலிப் பக்கம் திரும்பவே இல்ல. டாக்டர் தலைய ஆட்டுனாரு. பூட்டுறது தெரியும்மா, இப்படி நடக்கும்னுதான் ரெண்டாவது தடவ பாக்குறோம், அது பொய் இல்ல, கால்ல பலம் இல்லாதவங்க எல்லாரும் கண்டுபிடிக்கிற வழிதான்னாரு. கைய மடியில வைங்க, முழுசா நீட்ட வேணாம், முட்டிய கொஞ்சம் மடக்கின மாதிரியே நான் பிடிச்சிருக்கேன், கைய எடுத்ததும் விழாம நிறுத்துங்க. கைய எடுத்தாரு. கால் விழுந்துச்சு. கட்டில் காலுல குதிகால் இடிச்ச சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டுச்சு. இன்னொரு தடவன்னாரு. விழுந்துச்சு. ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லி, கால ஒரு வழவழப்பான பலகை மேல வச்சு நீட்டச் சொன்னாரு, அதுல கொஞ்சம் நகந்துச்சு. தொடை மேல ரெண்டு விரலை வச்சு ரொம்ப நேரம் பாத்தாரு. பக்கத்துல இருந்த கோச்சம்மாட்ட இங்கிலீசுல என்னமோ சொன்னாரு. அவுக டேப்ப எடுத்து ரெண்டு தொடையையும் அளந்தாக, இடது தொடை எவ்வளவு மெலிஞ்சிருக்குன்னு எனக்கே அப்பத்தான் தெரிஞ்சுச்சு. உங்களுக்கு வகுப்பு உண்டும்மான்னாரு டாக்டர், நாளைக்கு நீங்க எறியலாம், எறியும்போதும் நாங்க பாப்போம், ஆனா கவலப்படாதீங்க.

அந்தச் சொல்லத்தான் காலையில இருந்து கேக்கணும் கேக்கணும்னு கிடந்தேன். கேட்டாச்சு. ஆனா என் காது நாற்காலிப் பக்கம் போயிருச்சு. நாற்காலி இழுபடுற சத்தம். அம்மா எந்திரிச்சு வந்து கட்டில்கிட்ட நிக்கா. சார், ஒண்ணு கேக்கலாமான்னா. குரல் அவ குரலே இல்ல. அது அந்த ஊசியினாலதானே சார்? டாக்டருக்கு விளங்கல, எந்த ஊசின்னாரு. இடுப்புல போட்டது சார், காய்ச்சலுக்கு, நான்தான் கொண்டு போனேன். டாக்டர் என் காலப் பாத்தாரு, அம்மாவப் பாத்தாரு. இடுப்பு ஊசி நரம்புல பட்டிருந்தா பாதம்தாம்மா தொங்கும், இவங்க பாதம் நல்லா வருது, தொட்டா உணர்ச்சி இருக்கு, தொடை முன்பக்கம் மட்டும்தான் போயிருக்கு, இது போலியோ, ஊசி இல்ல. சாதாரணமாச் சொன்னாரு, பஸ் எத்தனை மணிக்குன்னு சொல்ற மாதிரி. கால ஒரு தடவ, ஒரே ஒரு தடவ உள்ளபடி எந்த டாக்டர்ட்டயாவது காட்டிருந்தா அன்னைக்கே சொல்லிருப்பாக. அம்மா மனசு நோவக் கூடாதுன்னு மறைச்சேனே, நான் மறைச்சதுனாலதானே அவ இத்தனை வருசம் அந்த ஊசியச் சுமந்தா. அம்மா அழுவான்னு நினைச்சேன், கும்புடுவான்னு நினைச்சேன். அவ அப்படியே நிக்கா. நின்னுட்டு அடுத்து கேக்கா, அப்போ சொட்டு மருந்து குடுக்காததுனாலயா சார்? டாக்டர் பேனாவக் கீழ வச்சாரு. நர்சம்மா ஊருக்கு வந்தன்னைக்கு நான் பருத்தி எடுக்கப் போயிட்டேன் சார், மறுநாள் கொண்டு போகலாம்னு இருந்தேன், விட்டுப் போச்சுன்னா. குடிச்ச பிள்ளைங்களுக்கும் வந்திருக்கும்மான்னாரு டாக்டர். இவ குடிக்கலயே சார்னா அம்மா.

ஒண்ண இறக்கி வச்ச கையோட அடுத்தத எடுத்துத் தூக்கிக்கிட்டா, இனி அதோட கிடப்பா. என்னால அதப் பிடுங்க முடியாது, எந்த டாக்டராலயும் முடியாது. எம்மா அதெல்லாம் ஒண்ணுமில்லம்மான்னு பழைய பல்லவிய எடுக்க வாய் போகுது. எடுக்கல. டிரவுசர் தொடை வரைக்கும் சுருட்டிக் கிடக்கு, என் கால் அவ முன்னால கிடக்கு, நான் இழுத்து மூடவும் இல்ல. எம்மா, இங்க வான்னேன். டாக்டர் விரல் வச்ச இடத்துல அவ கையப் பிடிச்சு வச்சேன். எனக்கு விவரம் தெரிஞ்சு அவ என் கால இப்படித் தொட்டதில்ல, நான் விட்டதில்ல. இப்பத் தூக்குறேன் பாருன்னேன். இடுப்ப வெட்டாம, சாயாம, இருந்த பலத்த எல்லாம் போட்டுத் தூக்குனேன். அம்மா கண்ண மூடிக்கிட்டா, உள்ளங்கையில காது வச்சுக் கேக்கிறவ மாதிரி. கால் கிளம்பல. நான் விடல, தூக்கிக்கிட்டே இருக்கேன், நெத்தியில வேர்வ வழியுது.

லேசா துடிக்குதுட்டின்னா அம்மா.

ஆமாம்மா. அவ்வளவுதான் வரும்னேன்.